90 மி.மீ. கடலைத்தோல் பிரிக்கெட்: பாய்லருக்கு வாங்கலாமா?

சாயப்பட்டறையோ அரிசி ஆலையோ தேயிலைத் தொழிற்சாலையோ, நீராவி இல்லாமல் ஓடாத எந்தத் தொழிலிலும் மாதச் செலவில் பெரிய பங்கு எரிபொருளுக்குத்தான் போகிறது. விறகு லோடு சமயத்துக்கு வந்து சேராது. இறக்குமதி நிலக்கரியின் விலை கப்பல் வாடகையையும் டாலரையும் பார்த்து ஏறி இறங்கும். இந்த இடைவெளியில் நுழைந்து நிலைத்த சரக்கு பிரிக்கெட். வியாபாரிகள் இதை ‘வெள்ளைக் கரி’ என்பார்கள். கடலை மில்லில் பருப்பை எடுத்தபின் மிஞ்சும் மேலோட்டை இடித்து, அழுத்தி, 90 மி.மீ. விட்டமுள்ள உருளையாக்கியதுதான் இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

இது ஒரு கம்பெனியின் சரக்கைப் பற்றிய விமர்சனம் அல்ல. ஒரே ஊரில் இரண்டு பேரிடம் வாங்கினாலே தரம் வேறுபடும். ஒரே ஆளிடம் தை மாதம் வாங்கியதும் ஐப்பசியில் வாங்கியதும் வேறுபடும். ஆகவே நல்ல சரக்கு எப்படி இருக்கும், கெட்ட சரக்கு எங்கே காலை வாரும், எந்த பாய்லருக்கு ஒத்துவரும் என்று பார்ப்பதுதான் வாங்குகிறவருக்குப் பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 6 சதவீதத்துக்குள் இருக்கும் கடலைத்தோல் பிரிக்கெட், கையால் தீ போடும் கிரேட் (இரும்புக் கம்பித் தட்டு) பாய்லருக்குப் பச்சை விறகைவிட எல்லா வகையிலும் மேலான எரிபொருள். தாராளமாக வாங்கலாம். இந்த இரண்டு எண்ணும் தவறினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

உருளையாவது எப்படி

100 கிலோ நிலக்கடலையை உடைத்தால் 25 முதல் 30 கிலோ வரை தோலாக நிற்கும். உதிரியாக இருக்கும்போது அதைப்போல் இடத்தை அடைக்கும் பொருள் இல்லை. ஒரு கன மீட்டர் இடத்தில் 100, 150 கிலோதான் கொள்ளும். லாரி நிறைய ஏற்றினாலும் பாதிக்குமேல் காற்றைத்தான் ஏற்றி வருகிறோம். அதையே பிரிக்கெட்டாக அழுத்திவிட்டால் ஒரு கன மீட்டரில் 600, 700 கிலோ வரை அடுக்கலாம். உதிரித் தோலில் 80 கன மீட்டர் கேட்கும் 10 டன் சரக்கு, 15, 16 கன மீட்டரில் அடங்கிவிடும். வெளியூரிலிருந்து வரவழைக்க முடிவதே இதனால்தான்.

இதில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. பெரிய சக்கரம் ஒன்று சுழன்று, இரும்பு உலக்கை போன்ற ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் தூள் அச்சுக்குள் போய் நசுங்குகிறது. அந்த உராய்விலும் அழுத்தத்திலும் சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது, தோலுக்குள் இயற்கையாகவே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகிப் பசையாகிறது, ஆறியதும் இறுகிவிடுகிறது. அதனால்தான் அச்சிலிருந்து வெளியே வரும் உருளையை உடனே வெட்டிக் குவிக்காமல் நீளமான இரும்புத் தண்டவாளத்தில் மெல்ல நகரவிட்டு ஆற வைக்கிறார்கள். அந்தத் தண்டவாளத்தைக் குட்டையாக வைத்துவிட்டு, சூடு ஆறுமுன் உடைத்து லாரியில் கொட்டுபவர்களின் சரக்கு உங்கள் ஷெட்டுக்கு வரும்போது கால்வாசி தூளாகியிருக்கும்.

உள்ளே போகும் தூளில் ஈரம் 8 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அச்சுக்குள் நீராவி சேர்ந்து, வெளியே வரும்போது உருளை வெடித்துக் குறுக்கே பிளக்கும். மிகவும் காய்ந்திருந்தாலும் தப்பு. இளகிய லிக்னின் பரவ ஈரம் போதாமல், ஒட்டாத பொருக்காக வரும். வாங்குகிறவருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு: உருளையைப் பார்த்தே உள்ளே நடந்ததை ஓரளவு படித்துவிடலாம்.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நல்ல பிரிக்கெட்டின் மேல்தோல் அடர் பழுப்பாக, தேய்த்த மரக் கைப்பிடிபோல மினுமினுப்பாக இருக்கும். விரலால் தடவினால் தூள் ஒட்டாது. இரண்டு கையாலும் பிடித்து முறித்தால், பிஸ்டனின் ஒவ்வொரு குத்தும் ஒரு வட்டாகப் படிந்திருப்பது தெரியும். அந்த வட்டின் விளிம்பிலேயே உடையும். உடைந்த முகத்தில் கடலைத்தோலின் வலைப்பின்னல் நரம்புகள் துணுக்கு துணுக்காகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகம் முழுதும் மாவு மாவாக, செம்மண் நிறம் தட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடலை மண்ணுக்குள் விளைவது. தோலின் பள்ளங்களில் மண் ஒட்டிக்கொண்டுதான் மில்லுக்கே வருகிறது. ஒழுங்கான உற்பத்தியாளர் சல்லடை உருளையில் போட்டு மண்ணை உதிர்த்துவிட்டு அரைப்பார். அதைச் செய்யாதவர் மண்ணையும் உங்களுக்கே எடை போட்டு விற்கிறார். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒரு துண்டை நொறுக்கி, ஒரு கைப்பிடித் தூளை உயரமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி 10 நிமிடம் வைத்துவிடுங்கள். தோல்தூள் முதலில் மிதந்து, ஊறியபின் மெல்ல இறங்கும். மணல் குலுக்கிய உடனேயே அடியில் போய் உட்கார்ந்துவிடும். அடியில் படிந்த மணலின் பட்டையைப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மெல்லிய கோடாக இருந்தால் பரவாயில்லை. விரல் பருமனுக்கு நின்றால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். அந்த மணல் பாய்லருக்குள் என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முழுத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் ஊறி, உப்பி, கரைந்துவிடும். இது குறை இல்லை; பசை சேர்க்காத பிஸ்டன் பிரிக்கெட் எல்லாமே அப்படித்தான். மழையில் நனையவே கூடாது என்பதை இதைப் பார்த்தால் எவரும் மறக்கமாட்டார்கள்.

எரிதிறன், ஈரம், ஆய்வறிக்கை

கடலைத்தோல் நன்றாகக் காய்ந்த நிலையில் கிலோவுக்கு 4,400 கிலோ கலோரி அளவில் சூடு தரும். ஆனால் பாய்லருக்குள் போவது முழுக்கக் காய்ந்த பொருள் இல்லை. ஈரம் 8 சதவீதம் என்றால் அது சுமார் 4,050 ஆகிறது. 16 சதவீதம் என்றால் 3,700. கிலோவுக்கு 350 கிலோ கலோரி காணாமல் போகிறது. போதாததற்கு, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் உங்கள் சூட்டில்தான் கொஞ்சம் செலவாகிறது. 10 டன் லோடில் 8 சதவீதம் கூடுதல் ஈரம் என்றால், 800 கிலோ தண்ணீரை பிரிக்கெட் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

பலர் ஏமாறுவது விற்பவர் நீட்டும் ஆய்வறிக்கையில்தான். எரிதிறனைக் குறிக்கும் ‘ஜி.சி.வி. 4,400’ பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ‘ட்ரை பேஸிஸ்’ என்று சின்னதாக இருக்கும். அது அடுப்பில் வைத்து ஈரத்தை முழுக்க விரட்டியபின் கிடைக்கும் எண். நீங்கள் கேட்க வேண்டியது ‘ஆஸ் ரிசீவ்டு பேஸிஸ்’, அதாவது சரக்கு வந்த நிலையில் எவ்வளவு என்பது. இரண்டு சப்ளையர்களின் அறிக்கையை ஒப்பிடும்போது ஒருவர் இந்தக் கணக்கிலும் மற்றவர் அந்தக் கணக்கிலும் கொடுத்திருந்தால் அந்த ஒப்பீடு வீண்.

சாம்பல் எண்ணிலும் இதேபோல் ஒரு சங்கதி உண்டு. கரிக்கான இந்தியத் தர நிர்ணய முறையில் மாதிரியை 815 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடை போடுவார்கள். தாவர எரிபொருளுக்கான சர்வதேச முறையில் 550 டிகிரிதான். அதிகச் சூட்டில் சாம்பலின் சில உப்புகள் ஆவியாகிப் போய்விடுவதால் எண் குறைந்து வரும். எந்தச் சூட்டில் எடுத்தது என்று கேட்டு, இரண்டு அறிக்கையும் ஒரே முறையில் இருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள். ஈரத்தை மட்டுமாவது நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நொறுக்கிய 100 கிராம் மாதிரியை 105 டிகிரி அடுப்பில், எடை குறைவது நிற்கும்வரை வைத்து எடுத்து நிறுத்தால் போதும். குறைந்த கிராம்தான் ஈரத்தின் சதவீதம். இதற்கான சிறிய மின் அடுப்பும் தராசும் ஒரு கெட்ட லோடின் நஷ்டத்தில் அடங்கிவிடும்.

டன் விலையில் ஒளிந்திருப்பது

எடுத்துக்காட்டுக்கு இரண்டு சரக்கை வைத்துக்கொள்வோம். முதலாவது, வந்து இறங்கிய விலை டன் 7,500 ரூபாய், எரிதிறன் 3,600. இரண்டாவது 8,200 ரூபாய், எரிதிறன் 4,100. டன்னுக்கு 700 ரூபாய் மிச்சம் என்று முதலாவதைத்தான் கணக்குப்பிள்ளை எடுப்பார். சூட்டின் கணக்கில் பாருங்கள்: முதலாவதில் ஒரு லட்சம் கிலோ கலோரிக்கு 208 ரூபாய் ஆகிறது, இரண்டாவதில் 200. விலை கூடிய சரக்குதான் மலிவு. மலிவுச் சரக்கின் கூடுதல் சாம்பலை வாரிக் கொட்டும் கூலி இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

பாய்லர் பக்கம் எப்படி இருக்கும்? 10 கிலோ அழுத்தத்தில் ஓடி மணிக்கு 3 டன் நீராவி தரும் பாய்லர், 60 டிகிரித் தண்ணீர் உள்ளே போகிறது என்றால், ஒரு கிலோ நீராவிக்குச் சுமார் 600 கிலோ கலோரி வேண்டும். பாய்லரின் திறன் 70 சதவீதம், பிரிக்கெட்டின் எரிதிறன் 4,000 என்றால் ஒரு கிலோவுக்கு 4.6 கிலோ நீராவி வரும். முழு லோடில் மணிக்கு 650 கிலோ பிரிக்கெட் போகும். உங்கள் இடத்தில் கிலோவுக்கு 4 கிலோ நீராவிகூட வரவில்லை என்றால், எரிபொருளை மாற்றும் யோசனைக்கு முன் புகைக்கூண்டு வெப்பமானியைப் பாருங்கள். வெளியேறும் புகையின் சூடு 22 டிகிரி குறைந்தால் திறன் சுமார் 1 சதவீதம் கூடும். உள்ளே போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினாலும் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். சாயமேற்றும் இயந்திரத்திலிருந்து திரும்பி வரவேண்டிய கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து உண்டாகும்) தண்ணீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டு பிரிக்கெட் விலையில் 100 ரூபாய்க்குப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

கடலைத்தோல் என்று சொல்லி வருவன

‘கடலைத்தோல்’ என்று பில் போட்டாலும் உள்ளே பல கலவை இருக்கும். கலப்பது தவறு என்று சொல்லமாட்டோம். என்ன கலந்தது என்று சொல்லாமல் விற்பதுதான் தவறு.

மரத்தூள் கலந்தது நல்லது. மரத்தூளில் சாம்பல் 1, 1.5 சதவீதம்தான்; உருளையும் உறுதியாக நிற்கும். மூன்றில் ஒரு பங்கு மரத்தூள் போட்ட கடலைத்தோல் பிரிக்கெட் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு அறுத்த தூள் மட்டும் வேண்டாம். அதிலுள்ள பிசின் எரியும்போது கண்ணைக் கரிக்கும் புகை வரும். தீ போடுகிற ஆளின் நுரையீரலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உமி கலந்தால் சாம்பல் ஏறும். உமியில் மட்டும் 15 முதல் 20 சதவீதத்துக்கு மேல்கூடச் சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. எரிதிறன் 3,000 முதல் 3,500 வரைதான். உமியை உதிரியாகவே ஊதி எரிக்கும் அடுப்பு அரிசி ஆலைகளில் இருக்கிறது. அதுதான் அதற்கு ஏற்ற இடம்.

தென்னை நார்க்கழிவு கலந்ததைக் கருஞ்சிவப்பு நிறத்தையும் பஞ்சு போன்ற துணுக்கையும் வைத்து அடையாளம் காணலாம். பொட்டாசியமும் குளோரைடும் அதில் அதிகம். சாம்பல் சீக்கிரம் உருகும், குழாயில் உப்புப் படியும். 10 சதவீதத்துக்கு மேல் கலந்திருந்தால் நாங்கள் தவிர்க்கச் சொல்வோம். நார்க்கழிவு செடி வளர்ப்புக்குப் போனால் அதற்கும் நல்லது, உங்கள் பாய்லருக்கும் நல்லது.

எண்ணெய் எடுத்த முந்திரி ஓட்டுச் சக்கையும் கலக்கிறார்கள். எரிதிறன் தூக்கலாக வரும், அறிக்கையில் எண் அழகாகத் தெரியும். ஆனால் மிச்சமிருக்கும் எண்ணெய் சரியாக எரியாவிட்டால் காட்டமான புகையும், புகைக்கூண்டில் தார் போன்ற படிவும் வரும். இரண்டாம் கட்டக் காற்று (தணலுக்கு மேலே விடும் காற்று) நன்றாகக் கொடுக்கும் வசதி உள்ள பாய்லருக்கு மட்டும் சரி.

தீ போடும்போது மாட்டும் இடங்கள்

பிரிக்கெட்டைப் பற்றி வரும் புகார்களில் பாதி பிரிக்கெட்டின் குற்றமே அல்ல. கரி போட்டுப் பழகிய கை அதே மாதிரி இதையும் போடுவதுதான் காரணம். கரி மெல்லப் பற்றி, படுகையில் நின்று எரியும். கடலைத்தோலில் மூன்றில் இரண்டு பங்கு சூடு பட்டவுடன் வாயுவாகக் கிளம்பிவிடும். அது படுகைக்கு மேலே, வெளியில்தான் எரிகிறது. ஆகவே இதற்கு மேலிருந்து காற்று வேண்டும். கிரேட்டுக்கு அடியிலிருந்து மட்டும் ஊதிக்கொண்டு, கதவைத் திறந்து ஒரே மூச்சில் 50 கிலோ தள்ளினால், கிளம்பும் வாயுவுக்குக் காற்று போதாமல் கரும்புகை அடிக்கும். அந்தப் புகை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்.

சரியான முறை இது. உருளையை 10, 15 செ.மீ. துண்டுகளாக முறித்துக்கொள்ளுங்கள், நீள உருளையாகப் போட்டால் நடுவில் சந்து விழுந்து காற்று அந்த வழியாகவே ஓடிவிடும். படுகை 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நாலைந்து மண்வெட்டி, சில நிமிட இடைவெளியில், கிரேட்டின் ஒரு பாதியில் ஒரு தடவை, மறு பாதியில் அடுத்த தடவை. ஒரு பக்கம் புதிதாகப் போட்டது வாயு விடும்போது மறு பக்கம் தணலாக நின்று அதைப் பற்றவைக்கும். கதவை மூடியபின் மேல்காற்றுக்கான டேம்பரை (காற்று வழியின் மூடியை) சற்றுத் திறந்துவைத்து, புகைக்கூண்டின் நுனி தெளிந்ததும் குறையுங்கள். வெளியேறும் புகையில் ஆக்சிஜன் 6 முதல் 8 சதவீதத்துக்குள் நின்றால் காற்று சரியாக இருக்கிறது என்று பொருள். 12, 13 என்று காட்டினால் புகைக்கூண்டு வழியாக வெந்நீருக்குப் போக வேண்டிய சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறீர்கள்.

அடுத்தது கிளிங்கர், நம் ஆட்கள் சிட்டம் கட்டுவது என்பார்கள். பாட்டிலில் பார்த்த மணல் இங்கேதான் வேலையைக் காட்டும். கடலைத்தோல் சாம்பலில் இயல்பாகவே பொட்டாசியம் உண்டு. மணலில் இருப்பது சிலிக்கா. இரண்டும் சேர்ந்தால், சிலிக்கா தனியாக உருகும் சூட்டைவிட எவ்வளவோ குறைந்த சூட்டில் கண்ணாடிபோல இளகி, கிரேட் கம்பிகளுக்கு நடுவே வழிந்து இறுகிவிடும். காற்று வரும் துளை அடையும். அடைந்த இடத்தில் கம்பி குளிர்ச்சி இல்லாமல் சிவந்து வளையும். ஷிப்ட் முடிவில் கடப்பாறையால் இடித்து எடுக்க வேண்டிய பச்சை, கருப்பு நிறக் கட்டியைப் பார்த்ததும் சரக்கைத் திட்டுவார்கள். பெரும்பாலும் திட்டு நியாயமானதுதான். ஆனால் எப்போதும் அல்ல. நல்ல சரக்கிலும் சிட்டம் கட்டவைக்கும் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, தணலை அடிக்கடி கிளறுவது: கீழே குளிர்ந்து கிடக்கும் சாம்பலைச் சுடர் நடுவில் தூக்கிவிட்டால் அது உருகாமல் என்ன செய்யும்? இரண்டு, சாம்பல் குழியை வாராமல் விடுவது: குழி நிறைந்தால் கம்பிக்கு அடியில் காற்று வராது, சூடு ஏறும். ஷிப்டுக்கு மூன்று நான்கு தடவை குழியை வாரச் சொல்லுங்கள். கிளறுவதற்குப் பதில் கம்பிக்கு அடியிலிருந்து மெல்லக் குத்தி உதிர்க்கச் சொல்லுங்கள்.

தூளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. லோடின் அடியில் மிஞ்சும் தூளை வீணாக்கக் கூடாது என்று மண்வெட்டியால் அள்ளித் தணல்மேல் வீசுகிறார்கள். அந்தரத்திலேயே பற்றி, கதவு வழியாகத் தீ வெளியே பாய்ந்து முகத்தைச் சுட்டுவிடும். தூளைத் தனியே சாக்கில் சேர்த்துவைத்து, பிரிக்கெட் துண்டுகளோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். கதவைத் திறக்குமுன், புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பது எப்போதும் கட்டாயம். மின்சாரம் போன உடனே கதவைத் திறப்பதுதான் இந்த எரிபொருளில் மிக ஆபத்தான நொடி. உள்ளே வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும், இழுக்க ஆள் இருக்காது.

குழாய்களைக் கரியைவிட அடிக்கடி தேய்க்க வேண்டிவரும். 3 மி.மீ. புகைக்கரி படிந்தாலே எரிபொருள் 2.5 சதவீதம் கூடுதலாகப் போகும். வெளியேறும் புகையின் சூடு, சுத்தம் செய்த நாளில் இருந்ததைவிட 30, 40 டிகிரி ஏறிவிட்டால் தேய்க்கும் நாள் வந்துவிட்டது. கரியோடு ஒப்பிட்டால் கந்தகம் அனேகமாக இல்லை என்பது பெரிய ஆறுதல். புகைக்கூண்டிலும் காற்றுச் சூடாக்கியிலும் அமில அரிப்பு அந்த அளவுக்கு இருக்காது.

ஷெட்டும் மழையும்

வடகிழக்குப் பருவமழைதான் இந்தச் சரக்கின் உண்மையான பரீட்சை. வெயில் காலத்தில் திறந்த களத்திலேயே காய்ந்துவிடும் தோல், ஐப்பசி கார்த்திகையில் காயாது. சுழல் உலர்த்தி வைத்திருப்பவர் மட்டும்தான் அப்போதும் 10 சதவீதத்துக்குள் கொடுக்க முடியும். சப்ளையரின் இடத்துக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய பிரஸ் அல்ல, உலர்த்தியும் கூரை போட்ட மூலப்பொருள் ஷெட்டும்தான். அவை இல்லாதவரிடம் வருடம் முழுவதுக்கும் ஒப்பந்தம் போடாதீர்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாதத் தேவையையாவது சேர்த்துவைத்துக்கொண்டால் மழையில் கெஞ்ச வேண்டியதில்லை.

சேர்த்துவைப்பதென்றால் தரையில் கொட்டிவைப்பது அல்ல. மரப்பலகை அல்லது செங்கல் மேல், சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விட்டு, சாரல் படாமல். முதலில் வந்தது முதலில் போகட்டும். நனைந்த தூள் குவியலைப் பெரிதாக விட்டுவைத்தால் உள்ளுக்குள் புளித்துச் சூடேறும். கையை நுழைத்தால் வெதுவெதுப்பாக இருந்தால் உடனே கலைத்துப் பரப்புங்கள். பூஞ்சை பிடித்த கடலைத்தோலை முகக்கவசம் இல்லாமல் வாரக் கூடாது. கடலையில் வரும் அதே பூஞ்சைதான் தோலிலும் வரும், அது மூச்சில் போகும் பொருள் அல்ல.

லோடு வந்து நிற்கும்போது, மேலே தெரியும் இரண்டு உருளையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பாதி இறக்கியபின், அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் ஐந்தாறு இடத்தில் எடுத்து ஒன்றாக நொறுக்கி மாதிரி செய்யுங்கள். இறக்கி முடித்ததும் தளத்தில் மிஞ்சிய தூளைத் தனியே எடை போடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த எடையைப் பில்லில் கழிக்கலாம் என்று ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். ஈரம் 10க்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் ஒரு சதவீதம் கழிவு, 14ஐத் தாண்டினால் லோடு திருப்பம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வாய்ச்சொல்லில் நிற்கும் நிபந்தனை மழைக்காலத்தில் கரைந்துபோகும்.

யாருக்கு வேண்டாம்

படுகையில் மணலைக் கொதிக்கவிட்டு எரிக்கும் எஃப்.பி.சி. பாய்லர் வைத்திருப்பவர்கள் 90 மி.மீ. பிரிக்கெட் வாங்கவே கூடாது. அங்கே உருளையைத் திரும்ப நொறுக்கித்தான் ஊட்ட வேண்டும்; அழுத்துவதற்கும் காசு கொடுத்து உடைப்பதற்கும் காசு கொடுப்பானேன்? பக்கத்தில் கடலை மில் இருந்தால் உதிரித் தோலையே வாங்கலாம்.

சின்ன ஓட்டல் அடுப்புக்கும் இது ஒத்துவராது. காற்று ஊதும் வசதியில்லாத அடுப்பில் புகை தாங்காது. மூடிய சமையற்கட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும். அவர்களுக்கென்று விசிறியோடு வரும் பெல்லட் (சின்னக் குச்சியாக அழுத்திய எரிபொருள்) அடுப்பு தனியாகவே இருக்கிறது.

நன்றாகக் காய்ந்த சீமைக் கருவேல விறகு உங்கள் வட்டாரத்தில் நியாய விலைக்குத் தொடர்ந்து கிடைக்கிறதென்றால், பிரிக்கெட்டுக்கு மாறுவதில் பெரிய லாபம் இருக்காது. அந்த விறகின் சூடு இதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் வெட்டிய வாரமே லாரியில் ஏற்றி வரும் பச்சை விறகில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். பிரிக்கெட்டை அதன் விலையோடு ஒப்பிட்டு ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்கிறவர்கள், ஒரு வாரம் இரண்டையும் தனித்தனியே எரித்து, நீராவி மீட்டரையோ உள்ளே போகும் தண்ணீரின் மீட்டரையோ பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கடைசியாகச் சாம்பல். வெளுத்த சாம்பல் வந்தால் எரிப்பு சரி. கருப்பாக வந்தால் கிரேட் வழியே கனல் விழுகிறது, காற்றையும் துண்டின் அளவையும் பாருங்கள். சுத்தமான கடலைத்தோல் சாம்பலில் பொட்டாஷ் இருப்பதால் தென்னந்தோப்புக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். களர் நிலத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கார மண்ணில் காரத்தைக் கூட்டுவதாகிவிடும். கரியோடு கலந்து எரித்த நாட்களின் சாம்பலையும், பலகைத்தூள் கலந்த சரக்கின் சாம்பலையும் வயலுக்கு அனுப்பக் கூடாது. மூட்டை கட்டுமுன் இரும்புப் பீப்பாயில் மூடி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, கம்பியால் நடுவரை கிளறிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே தணல் மறைந்திருக்கும், சாக்கு லாரியில் போகும்போது காற்றுப் பட்டுப் பிடித்துக்கொள்ளும்.